ஆறு போய்ச் சேரும் இடம்

(மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு கேள்வி. இந்த வாரம் சிலாங்கூர் ஆற்றைத் தாண்டிப் போனவர்கள் கை தூக்குங்கள். ஏறக்குறைய எல்லாரும் தூக்கிவிட்டீர்கள். சரி, அந்த ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இறங்கி நடந்தவர்கள்? நாலைந்து கைதான் தெரிகிறது. மற்றவர்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோலகுபு பாரு வழியாக இறங்கி, நம் ஊர் ஓரமாக ஓடி, கோலசிலாங்கூரில் கடலைத் தொடுகிறது நம் ஆறு. இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம்மைத் தாண்டிப் போன தண்ணீர் அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்டதில்லை. வழியெல்லாம் அள்ளிய வண்டலை அது முகத்துவாரத்தில் இறக்கி வைக்கிறது. அந்தச் சேற்றில்தான் கண்டல் காடு வளர்கிறது. அதில் ஒரு பகுதியை 1987இல் இயற்கைப் பூங்காவாக ஆக்கினார்கள். மலேசிய இயற்கைச் சங்கம் அந்த வேலையில் முன்னே நின்றது. பீரங்கியையும் கலங்கரை விளக்கத்தையும் பார்க்க நாம் எல்லாரும் புக்கிட் மெலாவாத்தி ஏறியிருக்கிறோம். பூங்கா அந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஏறினோம், படம் எடுத்தோம், இறங்கி மீன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

பூங்காவுக்குள் நடந்தால் நீளமான ஒரு மண்கரை வரும். கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்க முன்பு போட்ட கரை. அதன் மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கடல் பக்கம் அலை ஏறி இறங்குகிறது, கண்டல் மரங்கள் நிற்கின்றன. உள்பக்கம் உப்புத்தண்ணீர் வருவது நின்றுபோனதால் அத்தி, ஆல் இன மரங்களும் கொடிகளும் ஏறிவிட்டன. ஒரு கரைதான், பத்தடி தள்ளி வேறு காடு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் அப்பா செம்பனைக் காட்டில் தண்ணீர் வடியும் வாய்க்காலான கான் வெட்டியவர், மதகுக் கதவைப் பார்த்துக்கொண்டவர். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்தே மரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். ராஜா மூசா பக்கம் கரிமண் காட்டில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தபோது என்ன நடந்தது? மண் காய்ந்து தீப்பிடித்தது, புகை நம் வீட்டுக்குள் வந்தது. இப்போது அந்தக் கால்வாய்களை அடைத்துத் தண்ணீரை நிறுத்தி, மரம் நடுகிறார்கள். படித்தவர்கள் புத்தகத்தில் கற்றதை நம் ஆட்கள் மண்வெட்டியில் கற்றிருக்கிறார்கள். இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

கரையைத் தாண்டிக் கண்டல் காட்டுக்குள் போங்கள். அங்கே பலகைப் பாதை உண்டு. மழையும் உப்பும் அதைச் சும்மா விடுவதில்லை, எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாதையில் நின்று கீழே சேற்றைப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. நம் காலடி அதிர்வில் எல்லாம் வளைக்குள் போயிருக்கும். பேசாமல் நின்றால் சேறு அசைய ஆரம்பிக்கும். ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்க்கும். அந்தப் பெரிய கை ஆணுக்குத்தான். அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணை அழைக்கும், போட்டிக்கு வருகிறவனை மிரட்டும். தின்பதற்கு மற்ற சின்னக் கைதான். அப்புறம் மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்று சொல்லும் மீன். மீன்தான், ஆனால் சேற்றில் துடுப்பை ஊன்றித் தாவும், வேர் மேல் ஏறி உட்காரும். உடம்பு ஈரமாக இருக்கும்வரை தோல் வழியாகவும் வாயின் உள்தோல் வழியாகவும் காற்றை எடுத்துக்கொள்ளும். அதில் பெரிய இனம் ஒரு சாணுக்கு மேல் வளரும். முட்டையைச் சேற்றுக்குள் வளையில் இட்டுவிட்டு, மூச்சுக்குத் தேவையான காற்றை வாயில் எடுத்துக்கொண்டுபோய் அந்த வளைக்குள் விடும் இனங்களும் உண்டு. இதை முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை.

சேற்றில் ஆங்காங்கே கறையான் புற்றுப் போல மண்மேடுகள் தெரியும். புற்றில்லை. சேற்றுக்குள் வாழும் ஓர் இறால் வகை அடியிலிருந்து மண்ணைத் தோண்டி மேலே கொட்டி வைத்த குவியல். அலை தொடாத உயரத்துக்கு அது வளர்ந்துவிட்டால் அதன்மேல் பெரணிச் செடி முளைக்கிறது, வேறு பிராணிகள் குடியேறுகின்றன. கண்ணில் படவே படாத ஒரு பிராணி அடி மண்ணை மேலே கொண்டுவந்து காட்டுக்கு உழுது கொடுக்கிறது.

மரங்களைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். சேற்றில் காற்று கிடையாது. அதனால் ஒரு மரம் வேரைப் பென்சில் பென்சிலாக வானத்தைப் பார்த்து நீட்டியிருக்கும், இன்னொன்று கால் ஊன்றி நிற்பது போல வளைந்த வேர்களை இறக்கியிருக்கும். விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீளமாகத் தொங்கி, விழும்போதே சேற்றில் குத்திக்கொள்ளும் வகையும் உண்டு. தாய்மடியில் வளர்ந்த பிறகுதான் தரைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மரத்தைப் பற்றி இந்த மண்டபத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. நம் கரையோரக் காடுகளில் மலாய்க்காரர்கள் புத்தா-புத்தா என்று ஒரு மரத்தைச் சொல்வார்கள். புத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதுதான் நம் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அந்த மரம் நின்ற காட்டால்தான். நம் பாட்டன் பாட்டிமார் கையில் வாளியோடு விடியற்காலையில் வெட்டினார்களே பால் மரம், அந்த ரப்பரும் தில்லையும் ஒரே தாவரக் குடும்பம். கோயிலில் ஒன்றைக் கும்பிட்டோம், காட்டில் ஒன்றை வெட்டிப் பிழைத்தோம். பால் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. தில்லையோ நாம் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் இருந்தது.

பிள்ளைகள் குரங்கைப் பற்றித்தான் கேட்பார்கள். லோத்தோங் என்னும் சாம்பல் நிற மந்திக்குப் பிறந்த குட்டி பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், சில மாதங்களில்தான் நிறம் மாறும். அது இலை தின்னும் இனம். இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அதற்கு. மலையில் ரொட்டியும் கடலையும் கொடுக்கிறோமே, அது பாசம் என்றுதான் நினைக்கிறோம். அதன் வயிற்றுக்கு அது கேடு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். நீர்நாயைப் பார்ப்பதற்கு அதிர்ஷ்டம் வேண்டும். நான் பலமுறை போய் ஒரேயொரு முறை, ஏரியோரத்தில் பார்த்தேன்.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல்வரை வடக்கே சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் வரும். தண்ணீர் ஏறும்போது சேற்றுத்திட்டு மூழ்கிவிடும், அவை கூட்டமாக எழுந்து உள்ளே ஒதுங்கும். அதனால் பறவை பார்க்க அலை ஏறும் நேரம், நண்டு பார்க்க அலை வற்றும் நேரம். பால் வெள்ளை நாரை என்று ஒன்று உண்டு, உலகத்திலேயே அருகிவிட்டது. தேசிய மிருகக்காட்சி சாலையில் வளர்த்த நாரைகளை இந்தப் பூங்காவில் பழக்கிவிடும் முயற்சி நடந்தது. கருடன் தினமும் தலைக்கு மேலே வட்டமிடும், கன்னத்தில் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். கம்போங் குவாந்தான் மின்மினியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். ஆற்றோர பெரெம்பாங் மரத்தில் அவை ஒரே தாளத்தில் மின்னும். ஆனால் அந்தப் பூச்சியின் குட்டிப் பருவம் மரத்தில் இல்லை. ஆற்றங்கரை ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையைத் தண்ணீர்வரை வழித்துவிட்டுச் செம்பனை நட்டால், பெரெம்பாங் நின்றாலும் மின்மினி பிறக்காது. கரையோரத்தில் துண்டு நிலம் வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அண்ணன்மாரே, ஓரத்துப் புல்லையும் நாணலையும் விட்டு வையுங்கள். வருமானத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது.

என் அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் பம்பு, காலில் சிலிப்பர். கையுறை எந்த நாளும் கொடுக்கப்பட்டதில்லை. நகங்கள் கருத்து, இரண்டு நகம் விழுந்தும் போயின. அவர் அடித்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. நம் நாட்டில் 2002இல் அதற்குத் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுவதும் தடை வந்தது. அவர் பம்பைக் கழுவியது கானில். கான் ஓடையில் சேரும், ஓடை ஆற்றில் சேரும்.

போன வருடம் அம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் வலி, அதிகம் நடக்கவில்லை. மதகுப் பக்கம் உட்கார்ந்து பெலாச்சாக் தாவுவதை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "இது நம்ம ஆத்துத் தண்ணியாடா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். "அப்ப நான் அடிச்ச மருந்தும் இங்கதான் வந்திருக்கும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கண் சேற்றிலேயே இருந்தது. "இவ்வளவு வந்தும் இதுங்க இருக்குதே" என்றார்.

அதனால்தான் எல்லாரையும் கூப்பிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கோயில் வாசலில் வேன் நிற்கும். வீட்டிலேயே பசியாறிவிட்டு வாருங்கள், பொட்டலத்தைக் காட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு கடிக்கும். பழைய சப்பாத்து போதும், சேறாகிவிடும். பைனாகுலர் இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் எடுத்துவரட்டும். பெயர் கொடுக்கிறவர்கள் மண்டப வாசலில் அக்காவிடம் கொடுங்கள். அம்மாவும் வருகிறார். முன் இருக்கை மட்டும் அவருக்கு.