பெயரெழுதாத கருவிகள்

நேயர்களுக்கு என் வணக்கம். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கிறேன். சின்ன நீராவி ரயில் இஞ்சின்களைக் கையால் செய்து ஓட்டுகிறவர்களின் சங்கம் ஒன்றில் நெடுநாளாக உறுப்பினன். பொம்மை ரயில் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தண்டவாளத்தின் அகலம் மூன்றரை அங்குலம். இஞ்சின் அசலில் 16-இல் ஒரு பங்கு. ஆனாலும் அதில் உண்மையான நிலக்கரி எரியும், தண்ணீர் கொதிக்கும், பின்னால் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்று நான் பேச நினைப்பது அந்த இஞ்சினுக்காக நாங்களே செய்துகொள்ளும் கருவிகளைப் பற்றி. கடையில் கிடைக்காத, ஒரே ஒரு வேலைக்காகப் பிறந்த கருவிகள்.

எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் காலமான பிறகு, அவருடைய பட்டறையைக் காலி செய்து கொடுக்கப் போயிருந்தோம். லேத் என்னும் கடைசல் இயந்திரம் அன்றே விலைபோனது. அரங்களையும் மைக்ரோமீட்டரையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஜன்னலோரத்து இழுப்பறை. பாதி தேய்த்த கம்பிகள், துளையிட்ட இரும்புத் துண்டுகள், ஓரம் உருட்டிய மரக்கட்டைகள். எது எதற்கு என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. பழைய இரும்பு வாளிக்குள் அதைக் கவிழ்க்கப் போனார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. இழுப்பறையை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதில் எனக்கு முதலில் பிடிபட்டது ஒரு டி-பிட், அதாவது குழி குடையும் கருவி. 9/32 அங்குலப் பருமன், சில்வர் ஸ்டீல் கம்பி. பெயரில்தான் வெள்ளி, உண்மையில் கரி மிகுந்த எஃகு, பளபளப்பால் அந்தப் பெயர். கம்பியின் நுனியை, பாதிக்கு மேல் ஒரு மயிரிழை மிச்சம் வைத்து நீளவாக்கில் அரத்தால் தேய்த்தால், குறுக்குவெட்டு ஆங்கில டி எழுத்தைப் போல ஆகும். செக்கச்செவேலென்று காய்ச்சி, காந்தம் ஒட்டாத கட்டம் வந்ததும் தண்ணீரில் செங்குத்தாக முக்கித் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் ஏறும் வரை மெல்லச் சூடு காட்டினால் வெட்டும் கருவி தயார்.

எதற்காக இவ்வளவு பாடு? சாதாரண ட்ரில், குழியின் அடியைக் கூம்பாக விட்டுவிடும். பாயிலருக்குள் போன தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் க்ளாக் வால்வுக்கு அடி தட்டையாக வேண்டும். தட்டையின் நடுவே 5/32 அங்குலத் துளை. அதன் விளிம்பில் ஒரு சின்ன உருண்டை உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். பெரியவரின் டி-பிட் முனை மழுங்கியிருந்தது. அதன் தட்டையான முகத்தை மட்டும் எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு இழுத்தேன். வளைந்த பக்கத்தைத் தொடவே கூடாது, தொட்டால் அளவு போய்விடும். சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் நீலம் பாய்ந்து தோய்ச்சல் போய்விடும். முன்பு ஒரு நல்ல கருவியை அப்படிக் கெடுத்திருக்கிறேன். தீட்டியதும் அது வெண்கலத்தில் இறங்கிய விதம் இருக்கிறதே, சுருள் சுருளாக இல்லாமல் பொடியாக உதிர்ந்து, குழியின் அடி கண்ணாடி போல வந்தது.

இந்தக் கலைக்கு இங்கே நீண்ட பரம்பரை உண்டு. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர், 1920-களில் ‘ஆயிஷா’ என்ற தம் இரண்டரை அங்குலப் பாதை இஞ்சினைக் கொண்டு, அவ்வளவு சிறியதும் நிலக்கரியில் ஓடி மனிதரை இழுக்கும் என்று காட்டினார். ஒரு சின்ன லேத் மட்டுமே வைத்திருப்பவர்களுக்காக, வேண்டிய கருவியைத் தானே செய்துகொள்ளும் வழியைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்.

இழுப்பறையில் கனமான ஜிக் ஒன்றும் இருந்தது. ஜிக் என்றால், வேலைப்பொருளைச் சரியான நிலையில் பிடித்துக்கொள்ளும் சட்டம். வி-பள்ளத் தாங்கிகள் இரண்டு, பக்கத்துக்கு ஒரு நிறுத்துக் கட்டை. இஞ்சினின் இரு பக்கச் சக்கரங்களிலும் தண்டுகளை மாட்டும் முளைகளான கிராங்க் பின்கள் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில நிலைகளில் நின்றுபோன இஞ்சின் தானாகக் கிளம்பாது. அந்தக் கால் சுற்றைப் பிடித்துக் கொடுப்பதுதான் இந்த ஜிக். நான் அப்போது செய்துகொண்டிருந்தது ‘ராப் ராய்’ என்ற மூன்று அச்சு இஞ்சின். இரண்டு அச்சுகளைப் பூட்டிய பிறகுதான் ஜிக்கின் கோணத்தை அளந்தேன். 90 டிகிரிக்கு அரை டிகிரி குறைவு! பதறிப்போய், துல்லியமாகப் புதிய ஜிக் செய்து மூன்றாவது அச்சை அதில் பூட்டினேன். இணைப்புத் தண்டுகளை மாட்டிச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி நின்றது. இரண்டு மாலைப்பொழுதுகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது: எல்லா அச்சிலும் அதே அரை டிகிரி இருந்திருந்தால் தண்டுகள் இறுகியிருக்காது. சக்கரத்தை அச்சோடு பிடித்திருந்த ஒட்டுப்பசையைச் சூடாக்கி இளக்கி, மூன்றாவது அச்சையும் பெரியவரின் ஜிக்கிலேயே பூட்டினேன். வழுக்கிக்கொண்டு சுழன்றது.

மரக்கட்டைகள் பாயிலர் தகட்டை மடக்குவதற்கான வடிவக் கட்டைகள். செம்புத் தகட்டை அவற்றின் மேல் பிடித்து ஓரத்தைத் தட்டி மடக்க வேண்டும். ஒரு கட்டை என் வரைபடத்துக்கு அப்படியே பொருந்தியது. இன்னொன்றைச் சுற்றிலும் சீவிக்கொண்டேன். செம்பின் குணம் விசித்திரமானது. எஃகைக் கடினமாக்கும் அதே வைத்தியம், அதாவது சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவது, செம்பை மென்மையாக்குகிறது.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். பழைய கருவிகளில் வெள்ளிப் பற்று, அதாவது வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்பு இருந்தால் மறுபடி நெருப்பில் காட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பற்றுகள் பலவற்றில் காட்மியம் உண்டு. அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும், உயிரையே வாங்கவும் கூடும். 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய பற்றுகளைத் தடைசெய்தது.

பயன் தெரிந்த ஒவ்வொன்றிலும் இப்போது எழுத்து அச்சால் அளவையும் வேலையையும் பொறித்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கம்பி மட்டும் பாக்கி. நுனி ஊசிபோலக் கூம்பியிருக்கிறது, ஒரு பக்கம் தேய்த்திருக்கிறது. கோணத்தை அளந்தேன், ஒன்பது டிகிரி. பாயிலரின் நீராவியையே கொண்டு பாயிலருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரின் கூம்புத் துளைக்காக அவர் செய்ததாக இருக்கலாம். இந்த சனிக்கிழமை அதைக் கல்லில் தீட்டி, ஒரு பித்தளைத் துண்டில் இறக்கிப் பார்க்கப்போகிறேன். வணக்கம்.