ஏட்டுச் சுரைக்காயும் கைபேசிச் சுரைக்காயும்

(தருமபுரியில் நூலக வார விழாக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மருத்துவப் பேராசிரியப் பெருமக்களே, வாசகர் வட்டத் தோழர்களே, பின்வரிசையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! எனக்குப் பொன்னாடை போர்த்திய துணைத்தலைவருக்கு நன்றி. சென்ற ஆண்டும் அவரே போர்த்தினார். அப்போது நன்றி சொல்ல மறந்துவிட்டேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையில் அரூரிலிருந்து பஸ் ஏறி வந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

மருத்துவ மாணவர்கள் தகவலை எப்படித் தேடுகிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அதை எப்படி அளப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்வேன்: தேடுவதை அளப்பது, பயன்படுத்துவதை அளப்பது, பாடத்திட்டத்தில் செய்ய வேண்டியது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார் என் தந்தை. நான் நூலகர் வேலைக்குக் கிளம்பிய அன்றும் அதைச் சொல்லித்தான் வழியனுப்பினார்.

'உங்களுக்குத் தேடத் தெரியுமா?' என்று தாள் கொடுத்துக் கேட்டால் எல்லா மாணவரும் 'தெரியும்' என்றுதான் எழுதுவார்கள். ஒகேனக்கல் கரையில் நிற்பவனிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்பதுபோல! வாசல் பதிவேட்டில் கையெழுத்தை எண்ணலாம். மின்விசிறிக்காக வந்தவனும் அதில் இருப்பான். 2003-இல் வெளியான ஃபிரெஸ்னோ தேர்வு வேறு வகை. ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்லி, கேள்வியை நீயே அமை, எங்கே தேடுவாய், ஏன் அங்கே, கிடைத்த ஆய்வை நம்பலாமா என்று எழுதவைத்து மதிப்பெண் போடுகிறது. கறி வைத்துக் காட்டச் சொல்கிறது!

பென்னாகரம் பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்தில் ஒரு மருத்துவ மாணவர். எதிரே ஒரு பாட்டி, மடியில் பேரன். "தம்பி, டாக்டருக்குப் படிக்கிறாயாமே, இவன் பல்லெல்லாம் பழுப்பாக இருக்கிறது, பார்" என்றார். தம்பி கைபேசியில் 'பழுப்புப் பல்' என்று ஆங்கிலத்தில் தட்டினார். புகையிலை, காபி, தேநீர் என்று வந்தது. நல்ல பிள்ளை, அப்படியே கேட்டுவிட்டார்: "பாட்டி, இவன் புகைபிடிப்பானா?" பாட்டி சொன்னார்: "மூன்றாம் வகுப்புதானே படிக்கிறான், இனிமேல்தான் கேட்க வேண்டும்." பஸ்ஸே சிரித்தது. நடத்துனர் டிக்கெட் கிழித்தபடியே, "போர் தண்ணீர் குடித்திருப்பான்" என்று நோயையும் கிழித்துக் கொடுத்தார்!

நான் மாணவரிடம் 'டென்டல் ஃபுளோரோசிஸ்' என்று தட்டச் சொன்னேன். 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடுதளம் அந்தச் சொல்லுக்குக் கதவைத் திறந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத ஃபுளோரைடு தாண்டினால், பல் உருவாகும் வயதில் எனாமல் கெடும். எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது. படித்துவிட்டு அவர் கேட்டார்: "பாட்டி, கைக்குழந்தையாக இருந்தபோது எந்தத் தண்ணீர் கொடுத்தீர்கள்?" பயன்படுத்துவதை அளக்க எனக்கு இந்த ஒரு கோல் போதும். தேடிய பிறகு நோயாளியிடம் அடுத்து என்ன கேட்கிறான் என்று பாருங்கள். கைபேசிச் சுரைக்காயும் கறிக்கு உதவாது, சரியான சொல் கிடைக்கும்வரை.

அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-இல் நூலகங்களுக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி: வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு எட்டு மணிக்குப் பூட்டுத் தொங்கும். மாணவருக்கோ வார்டு முடிவதே எட்டுக்கு! நேரத்தைக் காப்பாற்றவில்லை, பூட்டைக் காப்பாற்றினோம்.

ஆகவே என் கோரிக்கை: நூலகம் நள்ளிரவுவரை திறந்திருக்கட்டும், விளக்கும் மேசையும் மட்டும் போதாது, தேடத் தெரிந்த நூலகர் ஒருவரும் அந்நேரம் இருக்கட்டும். பத்தாண்டாக இதைத்தான் கேட்கிறேன். முன்வரிசையில் சிலர் புன்னகைக்கிறார்கள், புன்னகைப்பவர்களும் கையெழுத்திடலாம்.

மூன்றாவது செய்திக்குள் தலைவர் மணியடித்துவிட்டார். மனுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், எழுதிவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.