பாடறவர் வாயை மூடின பிறகு

வணக்கம் நேயர்களே. உங்களுக்குப் பிடிச்ச பாட்டு பத்திப் பேசணும்னு நிலையத்துல இருந்து போன் பண்ணாங்க, நான் சதர்ன் ராக்குன்னு, அதான் அமெரிக்காவோட தெற்குப் பக்கத்து ராக் இசைன்னு, சொன்னதும் எதிர்முனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சரிங்க சார், பேசுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஒன்பது வயசுல அப்பா வேலைக்காக அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம், மேக்கன்னு ஒரு ஊருக்குப் போனோம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், ஆனா அந்த ஊர்க்காரங்க இழுத்து இழுத்துப் பேசறது ஒரு எழவும் புரியாது. பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா, சனிக்கிழமையானா பிக்கப் வண்டி பானெட்டைத் திறந்து போட்டுட்டு ரேடியோவை அலற விடுவார். பாட்டு வரி ஒண்ணும் எனக்குப் பிடிபடல, ஆனா பாடறவர் வாயை மூடின பிறகுதான் இந்த ஆளுங்க விஷயத்துக்கே வருவாங்க, ரெண்டு கிடார் ஒண்ணை ஒண்ணு விடாம பேசிக்கிட்டே போகும், அதுக்கு டிக்‌ஷனரி தேவையில்ல பாருங்க, நான் உள்ள போனது அந்த வழியாத்தான்.

மேக்கன் ஆல்மன் பிரதர்ஸ் பேண்டோட ஊர். 1969ல ஃப்ளோரிடா ஜாக்சன்வில்ல ஆரம்பிச்சு சீக்கிரமே இங்க குடி வந்துட்டாங்க. ட்ரம்ஸுக்கே ரெண்டு பேர், ஒருத்தர் கறுப்பர், ஒருத்தர் வெள்ளைக்காரர், அந்தக் காலத்து ஜார்ஜியாவுல அது லேசுப்பட்ட விஷயமில்ல. டுவேன் ஆல்மன், கோரிசிடின்னு ஒரு சளி மாத்திரையோட காலி கண்ணாடி பாட்டிலை மோதிர விரல்ல மாட்டிக்கிட்டு கம்பி மேல வழுக்குவார், ஸ்வரம் தாவாது, இழையும், நம்ம கோட்டுவாத்தியம் இழையுதே அப்படி. தாத்தாவும் அதே மாதிரி ஒரு பாட்டில் வச்சிருந்தார். நான் வீட்டுல தேடினதுல கிடைச்சது அம்மாவோட அமிர்தாஞ்சன் பாட்டில்தான், குட்டை, விரல்லயே நிக்கல, தாத்தாவோட கிடார்தான் ஒரு வாரம் தலைவலி வாசனை அடிச்சுது.

1971 அக்டோபர்ல டுவேன் மேக்கன்லயே பைக் விபத்துல போயிட்டார், வயசு 24. அடுத்த வருஷம் நவம்பர்ல அதே பேண்டுல பேஸ் கிடார் வாசிச்ச பெர்ரி ஓக்லி, அவரும் பைக், அவருக்கும் 24, முதல் விபத்து நடந்த இடத்துக்கு ஏறக்குறைய மூணு தெரு தள்ளி. ரெண்டு பேரும் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்துல பக்கத்துல பக்கத்துல இருக்காங்க. பசங்க நாங்க சைக்கிள்ல அங்க போவோம், கீழ ஓக்மல்கி ஆறு, ஓரமா கூட்ஸ் ரயில் போகும். அங்கேயே எலிசபெத் ரீட்னு பேர் வெட்டின ஒரு பழைய கல், அந்தப் பேரைத்தான் பேண்டோட இன்னொரு கிடார்காரர் டிக்கி பெட்ஸ் தன்னோட வார்த்தையில்லாத பாட்டு ஒண்ணுக்கு வச்சார். நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்துல பதிவு பண்ணின லைவ் ஆல்பத்துல அது கிட்டத்தட்ட 13 நிமிஷம். அந்தக் கல்லுல சாஞ்சு உக்காந்து ஹெட்போன்ல கேட்டிருக்கேன், மரியாதையில்லாத வேலைதான், வயசு அப்படி.

லினர்ட் ஸ்கினர்ட்னு இன்னொரு சதர்ன் ராக் பேண்ட், அவங்களைப் பத்திச் சொல்லாம விட்டா அடிக்க வருவாங்க. அவங்களோட ஸ்வீட் ஹோம் அலபாமா பாட்டு எங்க ஸ்கூல் ஃபுட்பால் மேட்ச் தவறாம ஓடும், எழுதின மூணு பேர்ல ஒருத்தர் கூட அலபாமாக்காரர் இல்லங்கறது வேற கதை. அவங்க பேர் போட்ட ஒரு டி-ஷர்ட் வாங்கினேன், முதுகுல கான்ஃபெடரேட் கொடி, எனக்கு அது சிவப்பு நீலமா அழகா ஒரு டிசைன், அவ்வளவுதான். பஸ்ல தினமும் என் பக்கத்துல உக்கார்ற கறுப்புப் பையன் அதைப் பார்த்தான், ஒண்ணும் பேசல, எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டான். அது அடிமைத்தனத்தைக் காப்பாத்த சண்டை போட்டவங்க தூக்கின கொடின்னு அப்புறம் லைப்ரரியிலதான் படிச்சேன். அம்மா அந்த ஷர்ட்டைக் கிழிச்சு அடுப்படித் துணியாக்கிட்டாங்க. அவன் திரும்ப என் பக்கத்துல வந்து உக்கார ரெண்டு மாசம் ஆச்சு. அவங்களோட ஃப்ரீ பேர்ட் பாட்டை நான் இன்னும் கேக்கறேன், அந்தக் கடைசி பாதிக்காகவே கேக்கறேன், ஆனா அந்த முதுகு ஞாபகமும் கூடவே வரும்.

சரி, எனக்கு இருக்கற நேரத்துல ஒரு பாட்டு போடச் சொல்லியிருக்கேன். ஆல்மன் பிரதர்ஸோட ஜெசிகா, 1973. டிக்கி பெட்ஸ் ட்யூன் வராம தவிச்சப்போ அவரோட கைக்குழந்தை ஜெசிகா ரூமுக்குள்ள வந்திருக்கா, அவ துள்ளலைப் பிடிச்சுப் போட்ட ட்யூன் இது, இடது கையில ரெண்டே விரலால வாசிக்கற மாதிரி அமைச்சார், தீ விபத்துல இடது கையில ரெண்டு விரல் முடங்கிப் போன கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு ஒரு கும்பிடு. பாட மாட்டாங்க, காத்துக்கிட்டிருக்காதீங்க. மொத்தம் ஏழரை நிமிஷம், ஏழரைன்னதும் ரேடியோவை மூடிடாதீங்க, நடுவுல பியானோ வர்ற இடத்துக்காகவாவது இருங்க. போடுங்க சார்.