காரின் கணினி எதுவரை சரிக்கட்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிவிட்டு என்னிடம் வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் போதுமாமே சார், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்ளுமாமே?" இதில் பாதி உண்மை. மறுபாதியை நம்பி இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பேச்சுக்கு உடனே ஒப்புக்கொண்டேன்.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றைக் கணினி அளக்கிறது, அதற்கு ஏற்ற பெட்ரோலைக் கணக்கிடுகிறது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சில மில்லி செகண்டு திறந்து மூடுகிறது. கணக்குச் சரியா என்று பார்க்கப் புகைபோக்கிக் குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் காத்திருக்கிறது. போஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சார் 1976இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. வழக்கமான வகை, கலவையில் பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், குறைந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் மின்னழுத்தம் தரும். கணினி அதைப் பார்த்துப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஒரு நொடிக்குள் நடந்து முடிகிற திருத்தம் இது. ஒரே பக்கமாகத் திருத்த வேண்டியிருந்தால் அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும். அதற்கு நீண்ட காலத் திருத்தம் என்று பெயர். கணினி கற்றுக்கொள்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

அண்மையில் ஓர் இளைஞர் செக் இன்ஜின் விளக்கு எரிகிற காரோடு வந்தார். கணினியில் பதிவானதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்கிற குறியீடு. நீண்ட காலத் திருத்தம் கூட்டல் 21 சதவீதம். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இந்த எண் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், ஐந்துக்குள் இருக்கும். பானெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. காற்று அளக்கும் சென்சார் உட்கார்ந்திருந்த 70 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு, 77 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைப் போட்டு, அதே சென்சாரை அதில் பொருத்தியிருந்தார்.

ஏழு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். விட்டம் பத்து சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். சென்சார் குழாயில் போகிற காற்று முழுவதையும் அளப்பதில்லை. நடுவில் சூடாக நிற்கும் மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்பதைப் பார்த்து மொத்தத்தை ஊகிக்கிறது. அகலமான குழாயில் அதே காற்று மெதுவாகப் போகும், கம்பி குறைவாகக் குளிரும். நூறு பங்கு காற்று வந்தால் 83 பங்கு என்றே கணினி எண்ணும். பெட்ரோலும் 83 பங்குக்குத்தான் போகும். ஆக்ஸிஜன் சென்சார் குறையைச் சொல்லும், கணினி 21 சதவீதம் கூட்டிப் போடும். காகிதத்தில் போட்ட கணக்கும் ஸ்கேனர் திரையில் தெரிந்த எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து அந்த இளைஞர் வியந்து போனார். எனக்கும் அது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

"அப்படியானால் கம்ப்யூட்டர்தான் சரிசெய்துவிட்டதே சார்" என்றார். இந்த இடத்தைத்தான் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். அது சரிசெய்தது பெட்ரோலை மட்டும். காற்று 83 பங்குதான் என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக்கில் பொறி விட வேண்டும் என்பதையும் கணினி அந்தக் காற்றின் அளவை வைத்தே முடிவு செய்கிறது. காற்று குறைவு என்றால் சுமை குறைவு, பொறியை முன்னதாகவே விடலாம் என்று அது நினைக்கும். உண்மையில் சிலிண்டருக்குள் இருப்பதோ முழுச் சுமை. பொறி முந்திவிடும், அழுத்தம் எல்லை மீறும், கடைசியில் எரியாமல் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கும். மேடேறும்போது தகர டப்பாவில் கல்லைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வருமே, அதுதான் இது. நாக் சென்சார் அதைக் கேட்டுப் பொறியைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளும். இன்ஜின் பிழைக்கும், ஆனால் சக்தி குறையும். சக்தி வேண்டும் என்று போட்ட குழாய் சக்தியைத் தின்பது இப்படித்தான்.

ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். அப்போது கணினி 14.7ஐ விட்டுவிட்டு, இன்ஜினைக் குளிர்ச்சியாக வைக்கவும் முழுச் சக்தி எடுக்கவும் 12.5ஐ ஒட்டிய கலவைக்குப் போகும். பழைய வகை ஆக்ஸிஜன் சென்சாருக்கு 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே தெரியும். அதனால் அந்த நேரத்தில் அதன் சொல்லைக் கணினி கேட்பதில்லை. கற்றுவைத்த திருத்தத்தைச் சில கார்கள் அப்போதும் பயன்படுத்தும், சில பயன்படுத்தாது. பயன்படுத்தாத வண்டியில் இந்த 77 மில்லிமீட்டர் குழாய் இருந்தால், 12.5 இருக்க வேண்டிய கலவை 15ஐத் தாண்டிவிடும். முழுச் சுமையில் அந்தக் கலவை பிஸ்டனையே உருக்கக்கூடும். புதிய கார்கள் பலவற்றில் கலவையின் அளவையே சொல்லக்கூடிய சென்சார் இருப்பதால் அபாயம் குறைவு. பொறி பற்றிய தவறு அவற்றிலும் இருக்கத்தான் செய்யும்.

டர்போ வண்டிகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கேட்டதைவிட அதிக முறுக்குவிசை வருவதாகத் தெரிந்தால் கணினி, காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலைக் கொஞ்சம் மூடிவிடும். பாகம் வேலை செய்கிறது, கணினி அதை அடக்குகிறது.

புகைபோக்கியை மாற்றுகிறவர்கள் இணைப்புகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் போதவில்லை என்று அதைச் சொல்லவைக்கும். எண்ணெய் தடவும் ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அது சூட்டுக் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

பேட்டரி ஒயரைக் கழற்றினால் பல கார்களில் கற்றுவைத்தது அழியும். அவ்வளவுதான். குழாய் அதேதான் என்பதால் சில நாள் ஓட்டத்தில் எண் மறுபடி 21க்கே வந்து நிற்கும். அகலக் குழாய்தான் வேண்டும் என்றால், காற்று சென்சாரின் அளவு அட்டவணையைக் கணினிக்குள் திருத்தி எழுத வேண்டும். பெரிய இன்ஜெக்டருக்கும் இதே விதி. அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. பாகத்தை மாற்றுவதற்கு முன்பு ஸ்கேனரில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றி ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். சாதாரண ஸ்கேனரே அதைக் காட்டும்.

அந்த இளைஞர் பழைய குழாயைத் திரும்பப் போட்டார். புது ஃபில்டரை அப்படியே வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்தபோது நானும் அவரும் சேர்ந்து திரையைப் பார்த்தோம். கூட்டல் இரண்டு.