மெஷ் கட்ட மாடி வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலி என்றதும் மைக்கைப் பிடித்து, அழைப்புக்குறி சொல்லிப் பேசுகிறவர்தான் நினைவுக்கு வருவார். அதே உரிமத்தை வைத்துக்கொண்டு படம், கோப்பு, தொலைபேசி அழைப்பு எல்லாம் போகிற ஒரு வலையையும் கட்டலாம். அதுதான் மெஷ். ஒரு நிலையம் படுத்துவிட்டாலும், வேறு வழி இருந்தால் தகவல் அந்த வழியே சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். ஏ.ஆர்.இ.டி.என். என்ற ஹாம் திட்டம் இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகிறது. கடையில் விற்கும் சில வகை வைஃபை கருவிகளில் அதை ஏற்றிக்கொள்ளலாம்.

கருவி கிடைத்துவிடும். உயரம்தான் கிடைக்காது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டருக்கு இணைப்புப் போடுகிறோம் என்று வையுங்கள். எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பாதி வழியில், அந்த நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 11 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிப் போகிறது. அதில் பெரும்பகுதி மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். போன வருஷம் நன்றாக ஓடிய இணைப்பு இந்த வருஷம் திணறினால், இடையில் மரம் ஏதும் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக, உயரமான கட்டடம் வேண்டும். அது பெரும்பாலும் நம்முடையதாக இருக்காது. அனுமதி கேட்கப் போகும்போதுதான் நம் ஆட்கள் சொதப்புவார்கள். அலைவரிசை, ஆன்டெனா கெயின் என்று ஆரம்பித்துவிடுவார்கள்! கட்டடக்காரருக்கு உள்ள கவலையே வேறு. தளத்தில் துளை போடுவார்களா, மழைக்கு ஒழுகுமா, கரண்ட் பில் யார் கட்டுவது, இடி விழுந்தால் என்ன செய்வது? துளையே போடாமல் கான்கிரீட் கட்டைகளை ஏற்றி நிறுத்தும் தாங்கிகள் உண்டு. ஒரு நிலையம் இழுப்பது ஒரு எல்.இ.டி. பல்பு அளவு மின்சாரம்தான். எர்த்திங்கை யார் செய்வார், போகச் சொன்னால் எத்தனை நாளில் கழற்றுவோம், இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பத்து விளக்கப் படங்களைக் காட்டுவதைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்றை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: இது இலவச இணையம் இல்லை. அமெச்சூர் அலைவரிசையில் வியாபாரம் கூடாது. பொதுவாக, செய்தியை மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பவும் கூடாது. ஆகவே மருத்துவமனை சேர வந்தால், நோயாளியின் பெயரையும் நோயையும் இதில் அனுப்ப முடியாது என்று பட்டென்று சொல்லிவிட வேண்டும். எத்தனை படுக்கை காலி, எந்த மருந்து தீர்ந்தது என்பதெல்லாம் தாராளமாகப் போகும். இதை மழுப்பி வாங்கிய அனுமதி நிலைக்காது.

பிறகு ஒருநாள் கட்டடக்காரர்களைக் கூப்பிட்டு, இணையக் கேபிளை அவர்கள் கையாலேயே பிடுங்கச் சொல்லுங்கள். உரிமம் பெற்றவர் பக்கத்தில் இருக்க, மேசைத் தொலைபேசியில் அடுத்த கட்டடத்தோடு அவர்களே பேசட்டும். மாதம் ஒருமுறை பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும், மாடிக் கதவுச் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று கேட்டு எழுதிவைப்பதும் நம் வேலை.

நன்றி, வணக்கம்.