லண்டனின் விக்டோரியா கால வீடு: சுவரும் ஜன்னலும்

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டன் கென்சிங்டனில் ஸ்டாஃபோர்ட் டெரஸ் என்றொரு தெரு. அதில் 18ஆம் எண் வீடு 1870களில் எழும்பியது. 'பஞ்ச்' இதழில் கேலிச்சித்திரம் வரைந்துவந்த லின்லி சாம்போர்ன் 1875இல் அங்கே குடியேறினார். அவருக்குப் பின் வந்த குடும்பத்தார் சாமான்களையும் சுவர்க் காகிதத்தையும் பெரிதாக மாற்றவில்லை. இன்று அது அருங்காட்சியகம். விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்கப் போராடும் விக்டோரியன் சொசைட்டி 1958இல் பிறந்ததும் இந்த வீட்டில்தான். பார்க்க வருகிறவர்கள் வரவேற்பறையிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் லண்டன் முழுக்க வரிசை கட்டி நிற்கும் இந்த ரக வீடுகளைப் புரிந்துகொள்ள, சுவரையும் ஜன்னலையும் பார்க்க வேண்டும்.

கண்ணாடி மீதான வரி 1845இல் போயிற்று; செங்கல் வரி 1850இல், ஜன்னல் வரி 1851இல். ரயில் வந்ததும் வேல்ஸ் நாட்டு ஸ்லேட் என்ற மெல்லிய கல்தகடு மலிவாக லண்டன் கூரைக்கு வந்து சேர்ந்தது. நிலம் பெரும்பாலும் பிரபுக்களின் எஸ்டேட்டுக்குச் சொந்தம். கட்டுகிறவர் அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கிக் கட்டி, சீக்கிரம் கைமாற்றிவிட வேண்டும். முகப்பு எடுப்பாக இருந்தால் போதும் என்ற அந்த அவசரம் சுவருக்குள்ளே இருக்கிறது.

சுவரின் கனம் ஒன்பது அங்குலம், அதாவது ஒரு செங்கல் நீளம். உயரமான வீடுகளில் கீழ்த்தளத்தில் பதின்மூன்றரை. நீளவாட்டில் ஒரு கல், குறுக்குவாட்டில் ஒரு கல் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். முன்வரிசையையும் பின்வரிசையையும் கோத்துப் பிடிப்பது குறுக்குக் கல்தான். முகப்புக் கல் விலை கூடுதல் என்பதால், பல கட்டுநர்கள் குறுக்குக் கல்லை இரண்டாக உடைத்து, உடைந்த பக்கத்தை உள்ளே மறைத்துவிட்டார்கள். வெளியே வரிசை அழகாகத் தெரியும்; உள்ளே பிடிப்பே இராது. காலப்போக்கில் முகப்பு வரிசை மட்டும் வயிறு தள்ளும். தூக்குக்குண்டு விட்டால் குட்டு உடைந்துவிடும். அதற்காகச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பதித்து இரண்டு வரிசைகளையும் பிணைத்துவிடலாம்.

சாந்து சுண்ணாம்பு. மழையில் குடித்த ஈரத்தைச் சுவர் அந்தச் சாந்து இடுக்கு வழியாகவே வெளியே விடும். இடுக்கைச் சுரண்டி சிமெண்டால் அடைத்து பாயிண்டிங் செய்தால் வழி அடைபட்டு, ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும். பனிக்காலத்தில் அது உறைந்து விரிய, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சென்னையின் பழைய காரைச் சுவர்கள் மேல் சிமெண்ட் பூசுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். இங்கே உறைபனிக்குப் பதில் உப்புப் பொரிந்து பூச்சைத் தள்ளுகிறது.

இனி ஜன்னல். மேலும் கீழும் நகரும் இரண்டு மரச்சட்டங்கள். கண்ணாடி மலிந்து பெரிய துண்டுகள் வந்தபின் குறுக்குச் சட்டங்கள் குறைந்தன; மூலை இணைப்பின் மேல் பாரம் ஏறியது. அதைத் தாங்கத்தான் மேல்சட்டத்தின் கீழ்மூலைகளில் கொம்புபோல் சிறு நீட்சி விட்டார்கள். ஒரு ஜன்னலின் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்ல அந்தக் கொம்பு உதவும்.

நிலையின் இருபுறமும் மரப்பெட்டி. அதற்குள் வார்ப்பிரும்பு எடைகள், கப்பி வழியாகக் கயிற்றில் தொங்கும். கீழ்ச்சட்டம் 16 கிலோ என்றால் பக்கத்துக்கு எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு; அப்போதுதான் மூடினால் மூடியபடி இருக்கும். மேல்சட்டத்துக்குச் சற்றுக் கூடுதல், இல்லையென்றால் தானாக இறங்கிவரும்.

கயிறு அறுந்தால் முதலில் உட்புற பீடிங்கை, அதாவது சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய மரப்பட்டையைக் கழற்றிக் கீழ்ச்சட்டத்தை எடுங்கள். மேல்சட்டமும் வர வேண்டுமானால் இரண்டு சட்டங்களுக்கும் இடையில் உள்ள நடு பீடிங்கையும் கழற்ற வேண்டும். நிலையின் அடிப்பகுதியில் ஒரு சிறு மூடி இருக்கும். பெயிண்ட் அதை மறைத்திருக்கும், கத்தியால் கீறிப் பாருங்கள். அதன் வழியே எடையை வெளியே எடுக்கலாம். நூலில் சின்ன ஈயத்துண்டைக் கட்டிக் கப்பி மேல் விட்டால் கீழே இறங்கும். அதன் பின்னால் புதுக் கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் கயிற்றை உச்சிவரை ஆணியடிக்காதீர்கள். அடித்தால் ஆணி கப்பியில் முட்டி, சட்டம் முழுக்க ஏறாது. சட்டம் முழுக்க ஏறிய நிலையில் எடை, பெட்டியின் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். தரையைத் தொட்டால் கயிறு தொய்ந்து கப்பியை விட்டு நழுவும்.

குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி, சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரை கிலோ. 3 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஏழரை கிலோ என்றால், 4 மில்லிமீட்டரில் இரட்டை போட்டால் 20 கிலோ. பழைய எடை அதைத் தூக்காது. அவ்வளவு கூடுதல் இரும்புக்குப் பெட்டியில் இடமும் இருக்காது. அதே அளவில் கனம் கூடிய ஈய எடைக்குத்தான் மாற வேண்டும்.