டீசல் டேங்கில் தேங்காயெண்ணெய்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். காங்கயத்தில் டீசல் பம்ப், நாசில் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் என்றால் டேங்கிலிருந்து வரும் டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புவது, நாசில் அதை உள்ளே விசிறும் மூக்கு. இரண்டையும் பழுது பார்ப்பேன். 28 வருஷமாக இதுதான் தொழில். எங்கள் ஊரில் தேங்காய்ப் பருப்பு காயும் களங்களும் எண்ணெய் மில்களும் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கும். அதனாலோ என்னவோ, டீசல் விலை ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் பட்டறைக்கு வந்து, "ஏனுங்ணா, எண்ணெய் ஊத்தியே வண்டி ஓட்டலாமாமே, நெசமுங்களா?" என்று கேட்பார்.

கேட்கிறவர் பெரிய முதலாளி இல்லை. ஒற்றை வண்டி வைத்து, மாதத் தவணை கட்டி, தானே ஓட்டுகிறவர். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது, வாடகை மட்டும் அப்படியே நிற்கிறது. அவர் அப்படிக் கேட்பது நியாயம். எனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்லவே இன்றைக்கு வந்திருக்கிறேன்.

எண்ணெயில் வண்டி ஓடும். அது பொய்யில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1912-இல் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த பகுதிகளில் கடலை நிறைய விளைந்தது, அங்கேயே அதை எரிபொருளாக்க முடியுமா என்று பார்க்க அந்த அரசாங்கம் விரும்பியது. நம் பக்கமும் தட்டுப்பாடு வந்தபோது இப்படி வழி தேடியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி பஸ் ஓடியதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

ஓடுமா என்ற கேள்விக்கு அவ்வளவுதான் பதில். எத்தனை மாதம் ஓடும், அதற்குள் உள்ளே என்ன ஆகும் என்பதைத்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன்.

2018 மார்கழி. டீசல் அப்போது 70 ரூபாயை ஒட்டி இருந்தது. எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் பழைய மினி லாரி வைத்திருந்தார். இங்கிருந்து அரிசி மூட்டை ஏற்றிக் கோத்தகிரிக்குப் போவார், இறங்கும்போது கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் போடுவார். அவருடைய மாமாவுக்கு எண்ணெய் மில். தொட்டியின் அடியில் தங்கும் கசண்டு எண்ணெயை இவர் சும்மா வாங்கி, வேட்டித் துணியில் வடிகட்டி, பாதிக்குப் பாதி டீசலோடு கலந்து நாலு மாதம் ஓட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாது. புகையில் பலகாரம் சுடுகிற வாசம் வருவதாகக் கூட்டாளிகள் கேலி செய்வார்களாம்.

ஒரு நாள் விடியற்காலை போன். "அண்ணா, கோத்தகிரில நிக்கறனுங்க. ஒரு மணி நேரமா அடிக்கிறேன், வண்டி எடுக்க மாட்டேங்குதுங்க. பேட்டரியும் எறங்கிப் போச்சு." பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோதும் வண்டி நின்ற நிழலில் குளிர் விடவில்லை. டீசல் ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெளேர் என்று கட்டியாக இருந்தது. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டில் எப்படி உறைந்து நிற்கும், அப்படியே. விரலை விட்டால் நெய் போல வழித்து எடுக்கலாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பித்துவிடும். டீசல் கலந்தால் இன்னும் கொஞ்சம் குளிர் தாங்கும், ஆனால் மலைக் குளிருக்கு அது போதாது.

டீக்கடையில் வெந்நீர் வாங்கி, பம்பின் மேலும் பைப்பின் மேலும் சாக்கைச் சுற்றி ஊற்றினோம். புது ஃபில்டர் போட்டு, ஒரு கேனில் நல்ல டீசல் வைத்து அதிலிருந்து நேராக லைன் கொடுத்து, லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி, வேறொரு லாரியின் பேட்டரியில் ஒயர் கொடுத்துத்தான் வண்டி எடுத்தது.

ஊருக்கு வந்து நாசில்களைக் கழற்றினேன். நுனியில் துளைகளைச் சுற்றிக் கரி, சின்னக் காளான் பூத்த மாதிரி. நல்ல நாசிலை டெஸ்ட் ஸ்டாண்டில் போட்டு அடித்தால் "சர்ர்" என்று ஒரு சத்தத்தோடு பனிப்புகை மாதிரி டீசல் விசிறும். இது குழாயடியில் தண்ணீர் ஒழுகுகிற மாதிரி சொட்டியது. சொட்டுகிற எண்ணெய் முழுசாக எரியாது. கரியாகப் படியும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் பிஸ்டன் ஏறி இறங்கும் லைனர் என்ற குழல் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். அந்த வண்டியின் அடியில் இன்ஜின் ஆயில் நிற்கும் சம்ப்பைத் திறந்தபோது ஆயில் ஊற்றாக வரவில்லை, களி மாதிரி கட்டியாக விழுந்தது.

நாலு மாதத்தில் அந்தத் தம்பிக்கு டீசலில் மிச்சமானது 22,000 ரூபாய் அளவுக்கு. பம்ப், நாசில், ரிங் எல்லாம் சேர்ந்து 46,000 ரூபாய் ஆனது. வண்டி நின்ற நாட்களின் வாடகையை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பில் எழுதிக் கொடுக்க எனக்கே மனசு வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், எண்ணெய் கெட்டி. நாற்பது டிகிரிச் சூட்டில் அளந்து பார்த்தாலும் கடலை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். பம்புக்குள் எலிமெண்ட் என்று ஒரு ஜோடி உண்டு, உள்ளே ஒரு கம்பி, வெளியே ஒரு கூடு. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. டீசலில் நனைத்து நிமிர்த்திப் பிடித்தால் கம்பி தன் எடையிலேயே மெல்ல வழுக்கி இறங்கும். அவ்வளவு நுணுக்கமாகச் செய்த சாமான் அது. முன்பு டீசலில் சீமெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. சீமெண்ணெய் மெலிசு, வழுவழுப்புப் பத்தாமல் எலிமெண்ட் தேயும். சமையல் எண்ணெய் தடிப்பு, நாசிலில் விசிறாது. இரண்டிலும் அடி வாங்குவது ஒரே இடம்தான்.

இதெல்லாம் பழைய வண்டிக் கதை. புகையைக் கட்டுப்படுத்தும் புது விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றில் நாசிலுக்குப் போகும் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல், ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். சைலன்சரில் புகை வடிகட்டி வேறு இருக்கிறது. அந்த வண்டியில் எண்ணெய் ஊற்றினால் வாரண்டியும் போகும்.

இன்னொன்று, கடையில் காசு கொடுத்து வாங்கும் எண்ணெயில் மிச்சம் என்ற பேச்சே கிடையாது. கடலை எண்ணெயும் தேங்காயெண்ணெயும் டீசலைவிட எவ்வளவோ விலை. லிட்டருக்குள்ள சக்தியும் கொஞ்சம் குறைவு, மைலேஜும் அதற்கேற்ப இறங்கும். வெளிநாடுகளில் இப்படி ஓட்டினவர்கள் ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சும்மா வாங்கினவர்கள். அவர்களில் விவரமானவர்கள் இரண்டு டேங்க் வைத்தார்கள். வண்டியை டீசலில் கிளப்பி, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டில் எண்ணெய் எழுபது எண்பது டிகிரிக்கு வந்து இளகின பிறகு அதற்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன்னே திரும்ப டீசலுக்கு வந்து லைனைக் கழுவிவிடுவார்கள். நீண்ட தூரம் நிற்காமல் ஓடும் பழைய இன்ஜினுக்கு அது ஒத்துவரும். பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று நின்று லோடு இறக்குகிற வண்டிக்கு ஒத்துவராது.

சரி, அப்படியானால் பொரித்த எண்ணெயை என்ன செய்வது? எனக்கு நிஜமாகவே அக்கறை உள்ள விஷயம் இது. ஈரோட்டிலும் கோவையிலும் திருப்பூரிலும் சிப்ஸ் கடை, மிக்சர் கடை, வறுவல் கடை எத்தனை இருக்கின்றன! அங்கே கழிக்கும் எண்ணெய் குறைந்த விலைக்குக் கைமாறி, இன்னொரு வாணலிக்குப் போகக் கூடாது. எண்ணெய் கெட்டுப்போனதைக் காட்டும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த எண்ணெய் பயோடீசல் ஆலைக்குப் போக வேண்டும். அங்கே மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்குவார்கள். கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதைக் கழுவிக் காய வைத்தால் ஏறக்குறைய டீசல் அளவுக்கு இளகியிருக்கும். அதற்கென்று ஐ.எஸ். 15607 என்ற தர அளவு உண்டு. அப்படி வந்த சரக்கை டீசலோடு கொஞ்சம் கலந்து ஊற்றினால் பம்ப் அதைத் தாங்கும். ஆனால் அது பழைய டேங்கின் அழுக்கைக் கிளப்பிவிடும், முதலில் ஒன்றிரண்டு ஃபில்டர் கூடுதலாக மாற்ற வேண்டியிருக்கும்.

இதை வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கலாம் என்று தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் குடித்தது அதே மெத்தனால்தான். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். பகல் வெளிச்சத்தில் அது எரிவதுகூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

ஏற்கெனவே எண்ணெய் கலந்து ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பயப்பட வேண்டாம். இன்றைக்கே டேங்கை வடித்து நல்ல டீசல் ஊற்றுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். ஆயில் மாற்றும் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்ஜின் ஆயிலை இப்போதே இறக்கிவிடுங்கள். அப்புறம் நாசில்களைக் கழற்றி, பக்கத்தில் உள்ள பம்ப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்டாண்டில் போட்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். விசிறுகிறதா, சொட்டுகிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். வணக்கம்.